காலில் வீக்கம்: உண்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். போன மாதம் டேப்லெட்டும் கையுமாக வந்த நர்ஸ் பெண்ணிடமும் வந்தது. அதியமான்கோட்டையில் என் மகன் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். மருமகளுக்கு எட்டாம் மாதம். அந்தப் பெண் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக மருமகளின் காலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அமுக்கினாள். இரண்டு எண்ணுவதற்குள் விரலை எடுத்துவிட்டாள்.

"அஞ்சு எண்ணணும்மா. இப்பிடி அவசரத்துல எடுத்தா என்ன தெரியும்?" என்று பாய்ந்தேன்.

பாவம், அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி அமுக்கி ஐந்து எண்ணினாள். குழி விழுந்தது. டேப்லெட்டில் எதையோ தட்டினாள், திரை சிவப்பானது. உடனே போனை எடுத்து, "அக்கா, ஒரு கேஸ் அனுப்பறேன், இன்னைக்கே பிபி பாத்துடுங்க" என்றாள்.

"இது வந்தா நீ சொல்லியே ஆகணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க ஆன்ட்டி. எழுதிக்கிட்டு சும்மா போனா எங்களுக்கு மெமோ குடுத்துருவாங்க."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். மருமகளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறாள். அடுப்படியில் நான் அழுதது அவளுக்காக அல்ல. எழுதிக்கொண்டு சும்மா போனவள் நான். அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. கர்ப்பிணிப் பெண்களை மாதம் ஒரு முறை வீட்டுக்கே போய்ப் பார்த்து, பிரசவம் வரைக்கும் தொடர்ந்து எழுத வேண்டும். யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், யார் போகவில்லை, போகாதவள் ஏன் போகவில்லை என்பதுதான் ஆய்வு. ஊர் ஊராகச் சுற்ற உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம். டிகிரியை முடித்துவிட்டு, வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் காபி கொடுத்துச் சலித்துப் போயிருந்தேன். பங்குச் சாமியாரிடம் நற்சான்று வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சேலத்தில் மூன்று வாரம் பயிற்சி. கேள், பார், எழுது, பேசாதே. மூன்று வாரமும் இதுதான். கடைசியில் சொன்னேனே, பேசாதே என்று, அதற்கு மட்டும் ஒரு வாரம். நாங்கள் போய் அறிவுரை சொன்னால் பெண்கள் அதைக் கேட்டு நடப்பார்கள். அப்புறம் நாங்கள் போகாத ஊர்களின் நிலைமை எப்படித் தெரியும்? இருப்பது இருக்கிறபடி தெரிய வேண்டும் என்றால் நாங்கள் வந்து போன சுவடே இருக்கக் கூடாது. அதில் ஒரு நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெண்கள் ஏதாவது சந்தேகம் கேட்டால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள்: "அதைப் பத்திச் சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்க." இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பழகினோம். ஒருத்தி கர்ப்பிணி மாதிரி கெஞ்சுவாள், இன்னொருத்தி முகம் மாறாமல் அந்த வாக்கியத்தைச் சொல்வாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

எங்களுக்கு மேற்பார்வையாளர் வரதராஜன் சார். ஐம்பது வயதிருக்கும். வெயிலோ மழையோ கறுப்புக் குடை, கேன்வாஸ் ஷூ. எங்களைப் போன்ற சின்னப் பெண்களையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பன்னிரண்டரை ஆனால் எந்த ஊரானாலும் புளியமரம் பார்த்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். ஒரு பருக்கை கீழே விழாது. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்த பிறகுதான் எங்கள் படிவங்களை வாங்குவார். இரண்டு பென்சில் வைத்திருப்பார். தவறு இருந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் பக்கத்தின் மூலையில் பச்சையில் ஒரு சின்ன டிக். என் படிவங்களில் சிவப்பு அபூர்வம். அந்தப் பச்சை டிக்குக்காக நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

காலைப் பார்ப்பது பதினான்காம் கேள்வி. அதை அவர்தான் என் காலிலேயே அமுக்கிக் காட்டினார். "மெதுவா அமுக்குங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. எடுத்த பிறகு குழி அப்படியே நின்னா 'உண்டு'. உடனே நிமிந்துட்டா 'இல்லை'. உங்களுக்குத் தோணுறது முக்கியமில்ல. குழி இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்." பதினைந்து தலைவலி, பதினாறு பார்வை மங்கல். மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று பயிற்சியில் ஒரு லேடி டாக்டர் படம் போட்டு விளக்கியிருந்தார். வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் போகலாம். தெரியாமல் எழுதினோம் என்று மட்டும் நான் சொல்ல முடியாது.

எனக்குக் கொடுத்தது மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஆறு ஊர்கள். பாதி வீடுகளில் வீட்டுக்குள் கன்னடம், வாசலில் தமிழ். "கணக்கு டீச்சர் வந்துட்டாங்கோ" என்று எனக்கு முன்னால் தெருவே சொல்லிக்கொண்டு ஓடும். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பேனாவும் நோட்டும் வைத்திருக்கிற பெண் வேறு யாராக இருக்க முடியும்?

மாதம்மா அதில் ஒரு ஊருக்கு மருமகளாக வந்தவள். தாய்வீடு இண்டூர். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவான். தலைப்பிரசவம். ஐந்தாம் மாதத்திலிருந்து நான் அவளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். குட்டையான, வாயாடிப் பெண். நான் கேள்வி கேட்டால் அவள் என்னை நாலு கேட்பாள். "டீச்சர், உங்களுக்கு எப்பக் கல்யாணம்? ஊருல இருக்கற புள்ளத்தாச்சிங்க காலையெல்லாம் புடிச்சிக்கிட்டே இருந்தா மாப்ள எப்பிடி வருவான்?" என்று கிண்டல் வேறு. அவள் வீட்டுக்குத்தான் நான் கடைசியாகப் போவேன். களியும் அவரைக்காய்க் குழம்பும் கொடுப்பாள். விதிப்படி சாப்பிடக் கூடாது. நான் சாப்பிட்டேன்.

எட்டாம் மாதம் போனபோது தக்காளித் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. காலை நீட்டச் சொல்லி அமுக்கினேன். ஐந்து எண்ணி விரலை எடுத்தேன். என் கட்டைவிரல் போன இடம் அப்படியே பள்ளமாக நின்றது.

"தலைவலி இருக்குதா?"

"மண்டயப் பொளக்குதுங்க டீச்சர்."

"கண்ணு?"

"சாயங்காலம் ஆனா பூச்சி பறக்குதுங்க."

பதினான்கு, பதினைந்து, பதினாறு. மூன்றிலும் 'உண்டு'. எழுதிக்கொண்டேன். உள்ளே இருந்து மாமியார், "வயித்துல புள்ள இருந்தா காலு வீங்காமயா இருக்கும்? எனக்குந்தான் வீங்குச்சு, மூணு பெத்தேன்" என்றாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கால் வீங்கினால் பிரசவம் நெருங்குகிறது, நல்லதுதான் என்பார்கள்.

மாதம்மா வழக்கம்போல என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டாள். மாமியார் காதுக்கு எட்டாத இடம் வந்ததும் நின்றாள். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"டீச்சர், இது ஒண்ணும் ஆவாதில்ல?"

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போடி, இல்லை, இப்பவே என்கூட பஸ் ஏறுடி என்று. அதை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"அதைப் பத்திச் சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்க."

'இல்லீங்க' என்று வேறு சொன்னேன் அவளிடம். அதுவரை வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள் நான். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்து, "சரிங்க டீச்சர், பாத்துப் போங்க" என்றாள்.

அடுத்த மாதம் நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் வாசலிலேயே விழுந்திருக்கிறாள், கை கால் இழுத்திருக்கிறது. ஜன்னி என்று நினைத்து முதலில் விபூதி போட்டார்கள். மறுபடி இழுத்ததும் கயிற்றுக் கட்டிலில் ரோட்டுக்குத் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல்தான் ஓட்டினாராம். பாலக்கோடு ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது, பிள்ளையும் அப்படியே.

எங்கள் ஆய்வில் ஒரு பெண் இறந்தால் முப்பது நாள் கழித்து இன்னொரு படிவம் எழுத வேண்டும். உயிரோடு இருந்தபோது எழுதியவள் எழுதக் கூடாது, வேறொருத்தி போக வேண்டும் என்பது விதி. போக வேண்டியவள் கல்யாணம் என்று வேலையை விட்டுவிட்டாள். வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டு, "உங்களால முடியுமா? முடியலன்னா சொல்லிடுங்க" என்றார். முடியும் என்றேன். மாமியார் வீட்டில் எழுதி முடித்துவிட்டுத் தாய்வீட்டுக்காக இண்டூர் போனேன்.

மாதம்மாவின் அம்மா பெயர் முனியம்மா. கூலி வேலை செய்கிற ஒண்டிக்கட்டை, மாதம்மா ஒரே மகள். வெளியே கல்லில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் படிவத்தை எடுத்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். கேள்வி கேட்க விடவில்லை, அவளாகவே சொன்னாள்.

"முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு பொண்ண பாக்கப் போனேங்க. கால பாத்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. வாடி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்துரலாம்னேன். அதுக்கு அவ சொல்றா, சும்மா இரும்மா, போன வாரந்தான் கணக்கு டீச்சரு வந்து கால அமுக்கிப் பாத்தாங்க, எல்லாத்தயும் கேட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க, எதுனா இருந்தா சொல்லாமயா போவாங்க படிச்சவங்க, அப்பிடின்னா. நானும் செரின்னு வுட்டுட்டேன். எட்டாம் மாசத்துல வூட்டுக்குக் கூட்டியாரவும் கூடாதுங்களே. ஒம்போது பொறந்ததும் வரேன்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன். நானு பாவி, மாசம் பாத்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் சும்மா போனதை மாதம்மா அப்படியா எடுத்துக்கொண்டாள்? அனுமதி இல்லை என்று சொன்னதை, சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஊர்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். உடம்பைத் தொட்டுப் பார்த்த படித்தவள் வாயை மூடிக்கொண்டு போகிறாள் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? சேலத்தில் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவருக்காவது இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முனியம்மா திடீரென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த டீச்சரு நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கடவுள் மன்னிக்கட்டும், ஆட்டினேன்.

பிறகு அவள் கேட்டாள், "இதயெல்லாம் எழுதி என்னங்க பண்ணுவீங்க?"

"புத்தகமா வரும்மா. இந்த மாதிரி எத்தனை பேரு போயிட்டாங்கன்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சா டாக்டர் போடுவாங்க, வண்டி வுடுவாங்க."

"அப்ப எம் பொண்ண வுட்டுறாதீங்க. அவளயும் சேத்து எழுதிக்கோங்க."

"சேத்துத்தாம்மா எழுதறேன். வுட மாட்டேன்." என் வேலையில் நான் யாருக்கும் கொடுத்த ஒரே வாக்கு அது.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இறப்பதற்கு முந்தைய மாதத்தில் சுகாதாரப் பணியாளர் எவராவது இவரைப் பார்த்தாரா? கையேட்டின்படி நாங்கள் சுகாதாரப் பணியாளர் இல்லை. 'இல்லை' என்று எழுதினேன்.

வரதராஜன் சார் மறுநாள் புளியமரத்தடியில் அந்தப் படிவத்தை வாங்கினார். நான் எட்டாம் மாதத்தில் எழுதியதையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உண்டு, உண்டு, உண்டு. கீழே என் கையெழுத்து, மூலையில் அவர் போட்ட பச்சை டிக். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரூல்படி சரியா இருக்கு" என்றார். சிவப்புப் பென்சிலையும் எடுக்கவில்லை, பச்சையையும் எடுக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவையும் திறக்கவில்லை. பன்னிரண்டரை தாண்டி, ஒன்று தாண்டி, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு நான் பேச ஆரம்பித்தேன். சும்மா பேசவில்லை, சண்டை போட்டேன். குழி விழுந்த கால் எதைப் பார்த்தாலும், "நாளைக்குப் போய்க் காட்டலன்னா உன் மாமியாதான் போக வுடலன்னு ஊருல சொல்லிருவேன்" என்பேன். நகராதவளைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றினேன். ஊசி போட்டுக்கொள்ளப் பயந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படிவத்தில் இவை எதையும் எழுதவில்லை. வரதராஜன் சாருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். ஒரு தடவை நான் ஒரு பெண்ணோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது எதிரே வந்தார். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் சென்னையில் உட்கார்ந்து அட்டவணை போட்ட பெரிய டாக்டரம்மாவுக்குக் குடை இல்லை. ஆய்வு முடிகிற சமயம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நரைத்த தலை, அலுத்த குரல். முன்னால் என் படிவங்கள் கட்டாக இருந்தன.

"உங்க ஆறு ஊர்ல மட்டும் பொண்ணுங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. பக்கத்து ஊர்கள்ல அப்படி இல்ல. என்னம்மா நடந்துச்சு?"

ஒளிக்கவில்லை, சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் படிவக் கட்டின்மேல் வைத்தார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இந்த ஆறு ஊரையும் இனிமே கணக்குல சேர்க்க முடியாது."

"நான் பேசுனது பின்னாடிதான் மேடம். அதுக்கு முன்னாடி எழுதுனதெல்லாம் சுத்தமா இருக்கு. அதையாவது சேர்த்துக்கலாமே?"

"ஒரு ஊரைப் பாதியில வெட்டி எடுத்துக்க முடியாதும்மா. முதல் மாசத்துலேருந்து எல்லாத்தையும் எடுத்துடணும்."

"மேடம், அதுல ஒரு சாவு இருக்கு."

"தெரியும்" என்றார். "நானும் படிச்சேன்."

அவர் மேஜைமேல் தலையை வைத்து அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். முடிவை மாற்றவில்லை. பேசாமல் இருந்து மாதம்மாவைச் சாகவிட்டேன். பிறகு பேசி, அவள் செத்தாள் என்கிற கணக்கையும் அழித்தேன். பேசியதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. பஸ் ஏற்றிய பெண்களில் சிலர் இன்றும் சந்தையில் என்னைப் பார்த்தால் பேரப்பிள்ளைகளைக் காட்டுகிறார்கள். ஆனால் அழிந்த அந்தக் கணக்கை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

ஒன்றரை வருஷம் கழித்து அறிக்கை வந்தது. நீல அட்டை போட்ட, தடித்த ஆங்கிலப் புத்தகம். வரதராஜன் சார் தன் பிரதியைத் தபாலில் எனக்கு அனுப்பியிருந்தார், கடிதம் ஒன்றும் இல்லை. பின்னிணைப்பில் ஊர்ப் பட்டியல் இருந்தது. என் ஆறு ஊர்களும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

அதை எடுத்துக்கொண்டு இண்டூருக்கு பஸ் ஏறினேன். இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். எனக்குத் தெரிந்திருந்தது என்று, அவள் கேட்டும் நான் சொல்லவில்லை என்று, புத்தகத்திலும் அவள் இல்லை என்று. பஸ்ஸில் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், சேலத்தில் பழகின மாதிரி.

முனியம்மா ரொம்ப மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தாள். முதலில் அவள் கண் போனது புத்தகத்துக்குத்தான்.

"வந்திருச்சுங்களா டீச்சர்?"

பேச வந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "வந்திருச்சும்மா" என்றேன்.

கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எம் பொண்ணு எங்க இருக்கறா, காட்டுங்க."

இறந்த பெண்களின் எண்ணிக்கை போட்டிருந்த அட்டவணையைத் திருப்பி, ஒரு எண்ணில் விரலை வைத்துக் காட்டினேன். அது வேறு ஏதோ ஊர்களின் எண், வேறு யாரோ பெற்ற பெண்கள். முனியம்மா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு கைநாட்டு வைப்பவர்கள் வைப்பது போலத் தன் கட்டைவிரலை அந்த எண்ணின்மேல் வைத்து அமுக்கினாள். எடுக்கவே இல்லை. நான் என்னையறியாமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தேன். ஐந்தும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இதுக்குள்ளதானுங்களே இருக்கறா?" என்றாள், விரலை எடுக்காமல்.

"இதுக்குள்ளதாம்மா இருக்கறா" என்றேன்.